‘வதற்காக’ என்றால் ‘ஃபார்’ தானா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

“பிளஸ் டூ வரை தமிழ்வழி, பிறகு பி.காம். இரண்டு வருடமாக ஒரு ரைஸ் மில் ஆபீசில் வேலை. சாக்கு சப்ளையர், லாரி புக்கிங், வெளிமாநில வியாபாரிகள், சாம்பிள் பரிசோதிக்கிற லேப் என்று எல்லாருக்கும் மெயில் போடுவது நான்தான். போன மாதம் பெங்களூர் பார்ட்டி ஒருவருக்கு ‘வி ஆர் செண்டிங் சாம்பிள் ஃபார் செக் யுவர் மாய்ஸ்சர்’ என்று எழுதிவிட்டேன். முதலாளியின் மகன் அதை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து என் மெயில்களைப் பிரிண்ட் எடுத்து, ‘ஃபார்’ வருகிற இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுக்கிறார். ஏன் தப்பு என்று மட்டும் சொல்வதில்லை. ‘வதற்காக’ என்றால் ‘ஃபார்’ என்றுதானே படித்தோம்? பயந்துபோய் இப்போது எல்லா இடத்திலும் ‘இன் ஆர்டர் டு’ போடுகிறேன். அதுதான் மரியாதை என்று தோழி சொன்னாள். தரங்கம்பாடிப் பக்கம் மிஷன் பள்ளியில் படித்த தாத்தா, ‘ஃபார் டு’ என்று சேர்த்தே எழுதலாம், பழைய பைபிளில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார். தஞ்சாவூரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மூன்று மாதத்துக்கு 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? இல்லை, இந்த வேலையே எனக்குச் சரிப்படாதா? தமிழ்வழியில் படித்ததுதான் காரணமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.”

வட்டம் போட்ட 9 மெயில்களின் நகலையும், திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய ஒரு மெயிலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

வேலையை விட வேண்டாம். நீங்கள் அனுப்பிய 9 மெயில்களிலும் எடை, தேதி, மூட்டைக் கணக்கு, லாரி வந்து சேரும் நேரம் எதிலும் குழப்பம் இல்லை. வியாபாரக் கடிதத்தில் முதலில் சரியாக இருக்க வேண்டியவை அவைதான். தவறுகள் அநேகமாக ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன: ஒரு காரியத்தை எதற்காகச் செய்கிறோம் என்று சொல்லும் இடம். ஒரே இடத்துத் தவறு என்றால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

தமிழ்வழிப் படிப்பு இதற்குக் காரணம் இல்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். காரணம், மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மனதில் பதிந்த ஒரு சமன்பாடு: வதற்காக = ஃபார். அது பாதி உண்மை, ஆபத்தான பாதி. இதிலிருந்து வெளியே வர உங்களுக்கு உதவப்போவதும் தமிழ்தான். ஆபீசில் எழுதுகிற தமிழை விட்டுவிட்டு, வாயில் வருகிற தமிழைக் கவனியுங்கள்.

நெல்லு போட வந்தேன்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒருவரை நிறுத்தி, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “நெல்லு போட வந்தேன்” என்பார். “நெல் போடுவதற்காக வந்துள்ளேன்” என்று யாரும் பேசுவதில்லை. அது மனு எழுதும்போது மட்டும் வருகிற தமிழ். ‘போட’ என்பதைத்தான் நம் இலக்கணம் செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்கிறது. வாங்க, பார்க்க, கேட்க, சொல்ல, அனுப்ப எல்லாம் அந்த வகை. நோக்கம் சொல்ல வரும் இந்த எச்சத்துக்கு ஆங்கிலத்தில் நேர் ஜோடி ‘டு’ போட்ட வினைச்சொல். ‘ஐ கேம் டு செல் பேடி.’ அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கான முதல் சோதனை இது. மனதில் ‘வதற்காக’ வந்தால் உடனே அதை வெட்டிச் சுருக்குங்கள். சரிபார்ப்பதற்காக என்பது சரிபார்க்க ஆகும். தெரிவிப்பதற்காக என்பது தெரிவிக்க. பணம் கட்டுவதற்காக என்பது பணம் கட்ட. பொருள் மாறாமல் சுருங்குகிறதா? அப்படியானால் அங்கே ‘ஃபார்’ கிடையாது, ‘டு செக்’, ‘டு இன்ஃபார்ம்’, ‘டு பே’ என்றே எழுதுங்கள். ‘ஐ ஆம் ரைட்டிங் ஃபார் இன்ஃபார்மிங் யூ’ என்று மூன்று மெயில்களில் இருக்கிறது. மூன்றிலும் ‘ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ’ என்பதே சரி.

‘டு’வுக்குப் பின் வருகிற வினை காலம் காட்டாது. ‘ஐ வென்ட் டு பாட் பேக்ஸ்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போனது நேற்று என்பதால் வாங்குவதையும் நேற்றாக்கிவிட்டீர்கள். தமிழில் அப்படிச் செய்வோமா? நேற்றும் ‘வாங்கப் போனேன்’, நாளைக்கும் ‘வாங்கப் போவேன்’. ‘வாங்க’ மாறுவதில்லை. ஆங்கிலத்திலும் ‘டு பை’ மாறாது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செய எச்சம் எப்போதும் நோக்கத்தைச் சொல்வதில்லை. ‘நெல் விளைய மழை பெய்தது’ என்றால் விளைவதற்கென்று பெய்தது. ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் மழை காரணம். ‘பொழுது சாய வீடு வந்தான்’ என்றால் அது வெறும் நேரம். மூன்றும் ஒரே வடிவம். தமிழ் ஆசிரியர்கள் இதைக் காரியம், காரணம், உடனிகழ்ச்சி என்று பிரித்துச் சொல்லித் தந்திருப்பார்கள். எச்சத்தைப் பார்த்து ‘எதற்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் ‘டு’. ‘எதனால்?’, ‘எப்போது?’ என்ற கேள்விக்குத்தான் பதில் வருகிறது என்றால் அங்கே ‘டு’ நுழையக் கூடாது.

‘ஃபார்’ எங்கே உட்காரும்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். எதற்கு என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு விதமாகப் பதில் வரும். ‘குறுவைக்கு’ என்பார் ஒருவர், ‘குறுவை நட’ என்பார் இன்னொருவர். முதல் பதிலில் பெயர்ச்சொல், இரண்டாவதில் வினை. ஆங்கிலம் இந்த வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது: பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபார் குறுவை’, வினை வந்தால் ‘டு பிளான்ட் குறுவை’.

நான்காம் வேற்றுமையின் ‘கு’ இரண்டு வேலை பார்ப்பதால் இங்கே சிலருக்குத் தடுமாற்றம் வரும். ‘மருந்துக்குப் போனேன்’, ‘மருந்துக் கடைக்குப் போனேன்’ இரண்டிலும் ‘கு’ இருக்கிறது. மருந்து நான் அடைய நினைக்கும் பொருள், ஆகவே ‘ஃபார் மெடிசின்’. கடை நான் போய்ச் சேரும் இடம், ஆகவே ‘டு தி மெடிக்கல் ஷாப்’. இடத்துக்கு ‘டு’, பொருளுக்கு ‘ஃபார்’, செயலுக்கு மறுபடியும் ‘டு’. ஒரே வாக்கியத்தில் இவற்றில் இரண்டு சேர்ந்தும் வரலாம்: ‘ஐ வென்ட் டு தி பேங்க் ஃபார் எ லோன்’, ‘ஐ வென்ட் டு தி பேங்க் டு கெட் எ லோன்’. இரண்டும் சரி.

ஆபீஸ் கடிதங்களில் இந்த வேலைக்கென்றே சில பெயர்ச்சொற்கள் உண்டு: அப்ரூவல், வெரிஃபிகேஷன், இன்ஸ்பெக்‌ஷன், டெலிவரி, பேமென்ட், சிக்னேச்சர், ரெஃபரன்ஸ். இவை வினை அல்ல, பெயர். ஆகவே இவற்றின் முன்னால் ‘ஃபார்’ தாராளமாக வரும். ‘ஃபார் யுவர் அப்ரூவல்’ என்று நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. அதற்கும் முதலாளியின் மகன் வட்டம் போட்டிருக்கிறார். சொல்லப்போனால் அவர் போட்ட 11 வட்டங்களில் 4 தேவையில்லாதவை. மற்ற மூன்றும் ‘இங்’ என்று முடிகிற சொல்லோடு சேர்ந்தவை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இங்கேதான் பாடப் புத்தகங்கள்கூட அவசரமாகக் கடந்து போய்விடுகின்றன.

‘ஃபார்’ போட்டு ‘இங்’ வந்தாலே தவறு என்று நினைக்க வேண்டாம். மூன்று இடங்களில் அது சரி.

பொருளின் பயன். ‘எ மெஷின் ஃபார் ட்ரையிங் பேடி’, அதாவது நெல் காயவைக்கும் இயந்திரம். இங்கே யாரும் இப்போது எதையும் செய்யப் புறப்படவில்லை. அந்தப் பொருள் எதற்கு உள்ளது என்று மட்டும் சொல்கிறோம். சல்லடை, தராசு, ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் எதைப் பற்றி எழுதினாலும் இந்த அமைப்பு பொருந்தும். ‘யூஸ்ட் ஃபார் ட்ரையிங்’, ‘யூஸ்ட் டு ட்ரை’ இரண்டும் செல்லும்.

ஒரு வேலையின் பெயர். ‘தி சாம்பிள் வாஸ் சென்ட் ஃபார் டெஸ்டிங்.’ டெஸ்டிங், பிரிண்டிங், கிரேடிங், சர்வீசிங் எல்லாம் லேபிலும் அச்சகத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கிற வேலைகளின் பெயர்களாகவே ஆகிவிட்டவை. தமிழில் ‘மோட்டார் சர்வீசுக்குப் போயிருக்கிறது’ என்கிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் செயப்படுபொருளை ஒட்டிவிட்டால் அது மறுபடி வினைபோல நடக்கத் தொடங்கிவிடும். ‘சென்ட் ஃபார் டெஸ்டிங்’ நன்றாக இருக்கிறது. ‘ஐ வென்ட் டு தி லேப் ஃபார் டெஸ்டிங் தி ரைஸ்’ இடறுகிறது. அங்கே ‘டு டெஸ்ட் தி ரைஸ்’ என்று மாற்றிவிடுங்கள். ஆள் ஒருவர் செயலுக்குப் புறப்படுகிறார், செயப்படுபொருளும் கூட வருகிறது என்றால் ‘ஃபார்’ விலகிக்கொள்ள வேண்டும்.

முடிந்துபோன செயலுக்கு நன்றியோ தண்டனையோ. ‘தேங்க் யூ ஃபார் செண்டிங் தி பில்.’ இது நோக்கமே அல்ல. பில் ஏற்கெனவே வந்துவிட்டது, அதற்கு நன்றி. ‘லேட்டாக அனுப்பியதற்கு மன்னிக்கவும்’ என்பதும் இதே வகை. ‘வதற்காக’வையும் ‘அதற்காக’வையும் தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது. அனுப்புவதற்காக என்றால் இனிமேல், அனுப்பியதற்காக என்றால் நடந்துவிட்டது. ‘ஃபார்’ போட்ட ‘இங்’ இரண்டாவதற்கு உரியது. ‘ஐ கேம் ஃபார் மீட்டிங் யூ’ என்ற வாக்கியம் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு விநோதமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘ஐ கேம் ஃபார் மீட்டிங் யூ’ பரவலாகப் புழங்குகிறது என்பதும், பெங்களூர் வியாபாரிக்கு அது தடையில்லாமல் புரியும் என்பதும் உண்மை. ஃபோனில் பேசும்போது இதை நினைத்துத் தயங்கி நிற்க வேண்டியதே இல்லை. வெளிநாட்டுப் பார்ட்டிக்குப் போகும் மெயில், வேலைக்கான விண்ணப்பம், போட்டித் தேர்வு, இந்த மூன்றிலும்தான் இது உங்களுக்கு நஷ்டம்.

யார் செய்யப் போகிறார்?

உங்களை அழவைத்த அந்த வாக்கியத்துக்கு வருவோம். ‘வி ஆர் செண்டிங் சாம்பிள் ஃபார் செக் யுவர் மாய்ஸ்சர்.’ இதில் மூன்று கோளாறுகள். ‘ஃபார்’ என்ற சொல்லுக்குப் பின் வெறும் வினை வராது என்பது முதலாவது. ‘யுவர் மாய்ஸ்சர்’ என்றதும் ஈரப்பதம் அரிசியிலிருந்து வாங்குபவரின் உடம்புக்குப் போய்விட்டது என்பது இரண்டாவது. முதலாளியின் மகன் சிரித்தது இதற்குத்தான். ஆனால் நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்பது மூன்றாவதில் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

உங்கள் மனதில் இருந்த தமிழ் ‘நீங்கள் ஈரப்பதம் பார்க்க சாம்பிள் அனுப்புகிறோம்’ என்பது. அனுப்புவது நாங்கள், பார்ப்பது நீங்கள். தமிழின் செய எச்சம் தனக்கென்று தனி எழுவாய் வைத்துக்கொள்ளும். ‘நீங்கள் பார்க்க’, ‘பிள்ளைகள் சாப்பிட’, ‘தண்ணீர் வடிய’. ஆங்கிலத்தில் ‘டு செக்’ என்று மட்டும் எழுதினால் அனுப்புகிறவரே பார்க்கப் போகிறார் என்று பொருளாகிவிடும். அந்த ‘நீங்கள்’ எங்கே போவது என்று தெரியாமல் உங்கள் பேனா அதை ‘யுவர்’ ஆக்கி ஈரப்பதத்தோடு கட்டிவிட்டது. அறியாமையால் வந்த தவறு அல்ல இது. தமிழ் அனுமதிக்கிற ஒன்றை ஆங்கிலத்தில் தேடியதால் வந்தது.

ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டாவது ஆளை ‘ஃபார்’ போட்டு அழைத்து வந்து, பிறகு ‘டு’ போடுவது: ‘வி ஆர் செண்டிங் எ சாம்பிள் ஃபார் யூ டு செக்.’ இன்னொன்று ‘ஸோ தட்’: ‘வி ஆர் செண்டிங் எ சாம்பிள் ஸோ தட் யூ கேன் செக் தி மாய்ஸ்சர்.’ வியாபார மெயிலுக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். யார், என்ன செய்யலாம் என்று அதில் சந்தேகமில்லாமல் தெரியும்.

‘ஸோ தட்’ போட்டால் பின்னால் முழு வாக்கியம் வேண்டும்: எழுவாய், பெரும்பாலும் ‘கேன்’ அல்லது ‘வில்’, பிறகு வினை. முதல் பாதி இறந்த காலத்தில் இருந்தால் அவை ‘குட்’, ‘வுட்’ ஆகும். ‘வி சென்ட் எ சாம்பிள் ஸோ தட் யூ குட் செக்.’ தமிழில் இதற்கு ‘என்று’ ஈடாக நிற்கும்: ‘பையன் படிக்கட்டும் என்று டவுனில் வீடு பார்த்தார்.’ வாயில் ‘கட்டும் என்று’ வருகிறதா, அது ‘ஸோ தட்’ போட வேண்டிய இடம். ‘ஸோ’ மட்டும் தனியாக நின்றால் அது ‘ஆகவே’ என்ற விளைவு. லாரி லேட், ஸோ லோடு லேட். இரண்டையும் கலக்காதீர்கள்.

ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்துவதாக ஒரு மெயிலின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் ‘சரிபார்க்க சாம்பிள் அனுப்புகிறோம்’ என்று எழுவாயை விட்டுவிட்டுக் கொடுத்தால், யார் சரிபார்ப்பது என்று அது ஊகித்துத்தான் எழுதும். ‘நீங்கள் சரிபார்க்க, நாங்கள் அனுப்புகிறோம்’ என்று ஆள்களை நிரப்பிக் கொடுத்தால் பிழை குறையும்.

கூடாதே என்று செய்வது

ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்யும் காரியங்கள் மில்லில் ஏராளம். இங்கே வெறும் ‘நாட் டு’ போட்டால் போதாது. லாரியைத் தவறவிடாமல் இருக்கச் சீக்கிரம் கிளம்பினோம் என்பதை ‘வி லெஃப்ட் எர்லி ஸோ ஆஸ் நாட் டு மிஸ் தி லாரி’ என்று எழுத வேண்டும். ‘இன் ஆர்டர் நாட் டு’ என்றும் எழுதலாம். ‘பி கேர்ஃபுல் நாட் டு’, ‘டேக் கேர் நாட் டு’ போன்ற தொடர்களில் வெறும் ‘நாட் டு’ சரி. ஆள் மாறினால் பழையபடி ‘ஸோ தட்’. அரிசி சிந்தக் கூடாது என்று புதுச் சாக்கு போட்டோம்: ‘வி யூஸ்ட் நியூ பேக்ஸ் ஸோ தட் தி ரைஸ் வுட் நாட் ஸ்பில்.’

இன்னொரு நிலை, வந்தாலும் வரும் என்ற முன்னெச்சரிக்கை. மழை வந்தாலும் வரும் என்று நெல் குவியல்மேல் தார்ப்பாய் போட்டுவிட்டோம். இது ‘இன் கேஸ்’: ‘வி கவர்ட் தி பேடி இன் கேஸ் இட் ரெய்ன்ட்.’ மழை வந்தால் போடுவோம் என்பது வேறு, அது ‘இஃப்’. முதலாவதில் தார்ப்பாய் இப்போதே மேலே இருக்கிறது, இரண்டாவதில் அது இன்னும் கொட்டகையில் மடித்துக் கிடக்கிறது. ‘இன் கேஸ்’ பின்னால் வருங்காலத்துக்கு ‘வில்’ போடுவதில்லை. ‘இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்’ என்பதே சரி, ‘இன் கேஸ் இட் வில் ரெய்ன்’ தவறு. தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் ‘இன் கேஸ் ஆஃப் ஃபயர்’ என்று பலகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். ‘ஆஃப்’ சேர்ந்த அந்தத் தொடருக்குப் பொருள் ‘தீப்பிடித்தால்’ என்பது.

‘லெஸ்ட்’ என்ற சொல்லை மெயிலில் எழுத வேண்டாம், தேர்வுக்குத் தெரிந்திருந்தால் போதும். அதற்குள்ளேயே ‘கூடாதே’ என்ற பொருள் அடங்கியிருக்கிறது. ஆகவே ‘லெஸ்ட் இட் ஷுட் கெட் வெட்’ என்றாலே நனைந்துவிடக் கூடாதே என்றுதான் அர்த்தம். தமிழில் ‘கூடாது’ கண்ணுக்குத் தெரிவதால், பலர் ஒரு ‘நாட்’ சேர்த்து மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

‘இன் ஆர்டர் டு’ மரியாதையா?

இல்லை. அதற்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை. ‘டு’ என்பதன் கனத்த வடிவம் அது. ஒப்பந்தம், அறிக்கை, அரசு விண்ணப்பம் இவற்றில் பொருந்தும். ‘டு’ மட்டும் போட்டால் வாக்கியம் வேறு பொருளுக்கு இழுக்கும் என்றாலும் உதவும். ஐந்து வரி மெயிலில் நான்கு முறை வந்தால், கல்யாணப் பத்திரிகை நடையில் காய்கறிச் சீட்டு எழுதியதுபோல் இருக்கும். மரியாதை வேண்டுமென்றால் ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’, ‘வி வுட் பி கிரேட்ஃபுல்’ ஆகியவை அதைத் தரும்.

தோழி சொன்ன மற்றொன்று ‘வித் எ வியூ டு’. அதில் வரும் ‘டு’ வினையைக் கொண்டுவரும் ‘டு’ அல்ல, வேற்றுமை உருபு போன்றது. ஆகவே ‘வித் எ வியூ டு பையிங்’ என்று ‘இங்’ வேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங்’ என்பதும் இதே காரணத்தால்தான். உங்கள் 9 மெயில்களும் ‘டு ஹியர்’ என்று முடிகின்றன.

நோக்கம்போல் தோன்றி ஏமாற்றும் இரண்டு அமைப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹி கேம் ஒன்லி டு ஃபைண்ட் தி ஆபீஸ் க்ளோஸ்ட்’ என்றால் பூட்டியிருப்பதைப் பார்க்கவென்று வந்தான் என்பதல்ல, வந்து பார்த்தால் பூட்டியிருந்தது என்ற ஏமாற்றம். ‘ஸ்டாப்ட் டு ட்ரிங்க் டீ’ என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். ‘ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ’ என்றால் டீப் பழக்கத்தையே விட்டுவிட்டார்.

தாத்தா சொன்னது

தாத்தா சொல்வது கற்பனை இல்லை. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில், மத்தேயு 11ஆம் அதிகாரத்தில், ‘வாட் வென்ட் யீ அவுட் ஃபார் டு சீ’ என்றே இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘ஃபார் டு’ வழக்கில் இருந்தது, பிறகு பொது எழுத்து நடையிலிருந்து உதிர்ந்துபோனது. தமிழ் வேதாகமம் அதே இடத்தில் ‘பார்க்க’ என்று செய எச்சத்தில் கேட்கிறது. நம்மிடமும் இப்படி உதிர்ந்தவை உண்டு. நோக்கம் சொல்ல ‘வான்’, ‘பான்’, ‘பாக்கு’ என்ற ஈறுகளை நன்னூல் தருகிறது. ‘உண்பான் வந்தான்’ என்றால் உண்ண வந்தான். இன்று நாம் அப்படி எழுதுவதில்லை என்பதால் அது தவறான தமிழ் ஆகிவிடாது. தாத்தாவிடம் அவர் சொன்னது சரி என்றே சொல்லுங்கள். மெயிலில் மட்டும் எழுதாதீர்கள். நடுவில் ஆள் வந்தால், ‘ஃபார் யூ டு செக்’ போல, இரண்டும் சேர்ந்து வரலாம் என்பது மேலே பார்த்தது.

15,000 ரூபாய்

பேசப் பயம், கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பது உங்கள் பிரச்சினையாக இருந்தால் வகுப்பு உதவும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் தேவை எழுத்துத் திருத்தம், அதுவும் ஒரு குறுகிய பகுதியில். சேர்வதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு என் எழுத்தில் எத்தனை பக்கம் திருத்திக் காரணத்தோடு தருவீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம். ஒரு வகுப்பு இலவசமாக உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதத் தொகையை மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். நடுவில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன் 15 நாள் இதைச் செய்து பாருங்கள். மாலையில் அன்றைய மெயில்களில் ஐந்து வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே, அதே விஷயத்தை அம்மாவிடம் சொன்னால் எப்படிச் சொல்வீர்களோ அந்தத் தமிழை எழுதுங்கள். ‘பார்க்க’ என்று வந்ததா, ‘பில்லுக்கு’ என்று வந்ததா, ‘பார்க்கட்டும் என்று’ வந்ததா, ‘ஆயிடக் கூடாதே என்று’ வந்ததா? பிறகு ஆங்கிலத்தை ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால், மாணவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதியில் அந்த வினைக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். பொருளைவிட அவைதான் இங்கே உதவும்.

முதலாளியின் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லார் முன்னாலும் வாசித்துச் சிரித்தது முறையல்ல. அது உங்கள் குறை அல்ல, அவருடையது. அதைச் சண்டையாக்கினால் உங்களுக்கு அலைச்சல், விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுதும் கை நடுங்கும். “சார், தப்பை என் டேபிளில் தனியாகக் காட்டுங்கள், எது சரி என்றும் எழுதிக் கொடுத்தால் அடுத்த தடவை வராது” என்று நேரில் ஒரு முறை சொல்லுங்கள். வட்டம் போட்ட நான்கு இடங்கள் சரியானவை என்பதைச் சபையில் சொல்லாமல், அப்போது அவரிடம் தனியாகக் காட்டுங்கள். அவர் உங்களுக்குச் செய்யாத மரியாதையை நீங்கள் அவருக்குச் செய்வதாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை மெயில்

நீங்கள் எழுதியது: ‘டியர் சார், ஐ ஆம் ரைட்டிங் திஸ் மெயில் இன் ஆர்டர் டு இன்ஃபார்மிங் யூ தட் தி லாரி வில் ரீச் ஆன் டியூஸ்டே. ப்ளீஸ் அரேஞ்ச் சிக்ஸ் மென் ஃபார் அன்லோட் தி பேக்ஸ். வி ஆர் அட்டாச்சிங் தி பில் ஃபார் யுவர் செக்கிங். வி சென்ட் டூ பேக்ஸ் எக்ஸ்ட்ரா இன் கேஸ் எனி பேக் வில் டேமேஜ். லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’

இப்படி அனுப்புங்கள்: ‘டியர் சார், தி லாரி வில் ரீச் யூ ஆன் டியூஸ்டே. ப்ளீஸ் அரேஞ்ச் ஃபார் சிக்ஸ் மென் டு அன்லோட் தி பேக்ஸ். தி பில் இஸ் அட்டாச்ட் ஃபார் யுவர் வெரிஃபிகேஷன். வி ஆர் செண்டிங் டூ எக்ஸ்ட்ரா பேக்ஸ் இன் கேஸ் எனி ஆர் டேமேஜ்ட். வி லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’

முதல் வாக்கியத்தில் ‘தெரிவிக்க எழுதுகிறேன்’ என்பதையே எடுத்துவிட்டேன். லாரி வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டிய செய்தி. இரண்டாவது வாக்கியத்தில் ‘ஃபார்’, ‘டு’ இரண்டும் இருக்கின்றன. வட்டம் போட வந்தால், இறக்கப் போகிறவர்கள் அந்த ஆறு ஆட்கள், நாமல்ல, அதனால்தான் அந்த ‘ஃபார்’ என்று சொல்லுங்கள்.